வீங்காத கை

அடுத்தவர் இருமலுக்கு நடுவில் மூச்சு விட்டுச் சம்பளம் வாங்குகிற பிழைப்பு எங்களுடையது. தாம்பரத்தைத் தாண்டி, காசநோய்க்காரர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீஷியன். தாம்பரத்துக்கு மீட்டர் கேஜ் மின்சார ரயில் நின்றுபோன சமயத்தில் சேர்ந்தேன். காலையில் நீங்கள் காபி டம்ளரைக் கையில் எடுக்கிற நேரத்துக்கு நான் சளி டப்பாவைத் திறந்துகொண்டிருப்பேன். நர்ஸ், வார்டு ஆயா, எக்ஸ்ரேக்காரர் என்று இதில் மாட்டிக்கொண்ட எல்லோருக்கும் நான் சொல்வது புரியும். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு படிக்கலாம்.

மாஸ்க்

சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு மாஸ்க் கொடுத்தார்கள். சாதாரணத் துணி மாஸ்க் இல்லை. கிருமியைத் தடுக்கும் என்று டாக்டர்கள் சொல்கிற கெட்டியான வெள்ளை மாஸ்க். அன்றைக்கு ஆஸ்பத்திரியைப் பார்வையிட வெளியிலிருந்து பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள். லேபில் நானும் வார்டில் ஆயாக்களும் அதை மாட்டிக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நின்றோம்.

அவர்கள் தலையாட்டிவிட்டுப் போனதும் ஸ்டோர் கிளார்க் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்து எல்லாவற்றையும் திரும்ப வாங்கினார். நான் கொடுக்க மாட்டேன் என்றேன். நாள் முழுக்க சளியோடு மல்லுக்கட்டுகிறவன் நான்தானே என்று கேட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை. "டெய்லி போட்டா அழுக்காயிடும் சார், அப்புறம் அடுத்த இன்ஸ்பெக்‌ஷனுக்கு இன்னா பண்றது?"

கை அளக்கிற நாள்

வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் எல்லோருக்கும் முன்கையில் ஒரு சின்ன ஊசி உண்டு. திங்கட்கிழமை போட்டால் புதன்கிழமை பார்க்க வேண்டும். காசநோய்க் கிருமி ஏற்கெனவே உடம்புக்குள் நுழைந்திருந்தால் ஊசி போட்ட இடம் தடித்து வீங்கும். தடிப்பின் இரண்டு பக்கமும் பால்பாயின்ட் பேனாவால் கோடு இழுத்து, பேனா முட்டி நிற்கிற இரண்டு இடத்துக்கும் நடுவில் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளப்பது என் வேலை.

வீக்கம் என்றால் கிருமி உள்ளே வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். எங்கள் ஆட்கள் அதையே பெருமையாக்கிவிட்டார்கள். பெரிய வீக்கம் என்றால் பெரிய தெம்பு என்று கணக்கு. பெண்கள் வார்டு ஆயா வசந்தா அக்காவை யாராலும் மிஞ்ச முடியாது. பதினான்கு வருஷம் அதே வார்டு. கை ஒவ்வொரு வருஷமும் இட்லி மாதிரி உப்பும். நான் அளந்து முடிப்பதற்குள் நர்ஸுகள் பக்கம் கையை நீட்டிக் காட்டுவார். "பாத்துக்க, கிருமி உள்ள வந்தா வாசல்லயே போட்டு மிதிக்கிற உடம்பு இது."

வீட்டுக்காரர்

என் கையும் வீங்கும். சேலையூரில் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ரிட்டயர்டு பள்ளிக்கூட வாத்தியார், படித்தவர். என் கையில் பேனாக் கோடுகளைப் பார்த்துவிட்டு விசாரித்தார். நான் முட்டாள்தனமாக உண்மையைச் சொன்னேன். கிருமி உள்ளே தூங்கினால் நோய் இல்லை, யாருக்கும் ஒட்டாது என்று படம் போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். அடுத்த வாரம் மொட்டைமாடியில் எனக்கென்று தனிக் கொடி கட்டியிருந்தது, என் துணியை மட்டும் உலர்த்த. ஏன் சார் என்று கேட்டேன். "உங்களுக்கு நோய் இல்லைன்னு நம்பறேன் தம்பி, எங்களுக்கு வராதுன்னு எழுதித் தருவீங்களா?"

ஆராய்ச்சி

ஒரு வருஷம் எங்கள் ரத்தத்தை எடுக்க ஓர் ஆராய்ச்சிக் குழு வந்தது. நோயாளிகளோடு பழகுகிறவர்கள் உடம்பு கிருமியை எப்படி எதிர்கொள்கிறது என்று ரத்தத்திலேயே பார்க்கிற புதுப் பரிசோதனை என்றார்கள். இங்கிலீஷில் நாலு பக்கப் படிவம். ஆயாக்கள் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஆளுக்கு மூன்று குழாய் ரத்தம், ஒரு பாக்கெட் பிஸ்கட்.

வசந்தா அக்காதான் ரிசல்ட் எப்போது தருவீர்கள் என்று கேட்டார். குழுவில் இருந்த டாக்டரம்மா நல்லவர்தான், சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். "இது உங்களுக்கான டெஸ்ட் இல்லம்மா, நாட்டுக்கான டெஸ்ட்."

சைபர்

அதே வாரம் வழக்கமான கை ஊசியும் போட்டோம். புதன்கிழமை வசந்தா அக்கா கையை நீட்டினார். தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஊசி குத்திய புள்ளிகூடத் தெரியவில்லை. அக்கா கொஞ்சம் இளைத்திருந்தார். வேலை ஜாஸ்தி, சோறு இறங்கவில்லை என்றார். இருமல் கிடையாது. நான் சைபர் என்று எழுதி, அக்காவுக்குக் கை கொடுத்தேன். கிருமி உங்களைப் பார்த்துப் பயந்து ஓடிவிட்டது என்று சொன்னேன். இதைச் சொன்னவன் நான்தான், வேறு யாருமில்லை.

அவர் அதைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டார். காரணம் இருந்தது. வண்டலூரில் இருக்கும் அவருடைய தம்பிக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து ஆண் குழந்தை பிறந்திருந்தது. அத்தைக்காரிதான் குழந்தையின் காதில் மூன்று முறை பேரைச் சொல்ல வேண்டும். ஆனால் டி.பி. வார்டில் வேலை பார்க்கிறவள் என்று தம்பி பெண்டாட்டி அவரை வாசலோடு நிறுத்திவைத்திருந்தாள். வார்டு வேலையில் சேர்ந்ததிலிருந்து அக்காவுக்கு அந்த வீட்டில் தனி டம்ளர். எனக்கு ரத்தம் கொதித்தது. லேப் சீட்டில் "காசநோய்க் கிருமி இல்லை" என்று பெரிதாக எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் குத்திக் கொடுத்தேன். அந்த ஊசியைக்கொண்டு அப்படி எழுதக் கூடாது. எழுதினேன்.

திங்கட்கிழமை அக்கா மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு, ஒரு டப்பா லட்டோடு வந்தார். பேர் வைத்த கதையை வார்டு வார்டாகப் போய்ச் சொன்னார். கடைசியாக லேபுக்கு வந்து டப்பாவை என் முன்னால் நீட்டினார். "மடியில குடுத்தாங்க தம்பி. அவளே வந்து குடுத்தா."

படுக்கை

இரண்டு மாதத்தில் அக்காவுக்கு விடாத காய்ச்சல். எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் கேழ்வரகை அள்ளி இறைத்த மாதிரி புள்ளிகள். கிருமி ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் பரவிவிட்டது. சீஃப் டாக்டர் அக்காவின் பழைய அளவுகளைப் புரட்டிக்கொண்டே வந்து சைபரில் விரலை வைத்தார். இத்தனை வருஷம் வீங்கின கை திடீரென்று வீங்காவிட்டால் கிருமி ஓடிப்போனதாக அர்த்தமில்லை, உடம்பு சண்டை போடுவதை நிறுத்திவிட்டது என்று அர்த்தம், அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்திருக்க வேண்டும் என்றார். இதை யார் அளந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வெட்கத்தை விட்டு, அக்காவின் ரத்த ரிசல்ட்டைக் கேட்டு ஆராய்ச்சி ஆபீசுக்குப் போன் செய்தேன். ரத்தக் குழாயில் பேர் கிடையாது, நம்பர்தான். ஆய்வு முடிகிறவரை யாருடைய ரிசல்ட்டையும் பிரிக்க மாட்டோம் என்றார்கள். வண்டலூர்க் குழந்தைக்கு நோய் தொற்றவில்லை. ஆனாலும் டாக்டர்கள், பால் குடிக்கிற பிள்ளைக்கு முன்னெச்சரிக்கையாகத் தினமும் மாத்திரையைப் பொடித்துக் கரைத்துக் கொடுக்கச் சொன்னார்கள், ஆறு மாதத்துக்கு. தம்பியும் சரி, அவன் பெண்டாட்டியும் சரி, அக்காவைப் பார்க்க ஒரு நாள்கூட வரவில்லை.

அக்கா படுத்திருந்தது அவரே பதினான்கு வருஷம் விரிப்பு மாற்றிய வார்டில். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்க எத்தனையோ விதமாக யோசித்து வைத்திருந்தேன். அதற்குப் பதில் ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்தேன். அக்கா பக்கத்தில் வரச் சொல்லி, வேறு யாருக்கும் கேட்காமல் மெதுவாகப் பேசினார். "நீ எழுதுன சீட்டு அவங்க வூட்லதான் கீது தம்பி. யாரையாவது அனுப்பி வாங்கிக் கிழிச்சிப் போட்டுடு, உன் வேலைக்கு ஆப்பு வச்சிரப் போறானுங்க."

மாத்திரை சாப்பிட்டு அக்கா எப்படியோ தேறினார். நான் இப்போதெல்லாம் வருஷா வருஷம் வீங்கிய கை தட்டையாகிவிட்டால் வாழ்த்துச் சொல்லாமல் எக்ஸ்ரேவுக்கு அனுப்புகிறேன், அதற்கு ஆஸ்பத்திரியில் எனக்குக் கிடைத்திருக்கும் பட்டம், நல்ல சேதியிலும் சாவைத் தேடுகிற சனியன்.