சி டிரைவுக்கு ஒட்டிய சிவப்புச் சீட்டு

எங்கள் தொழிற்சாலையில் எல்லாப் பொருளுக்கும் ஓர் இடம் உண்டு. ஸ்பானர் தொங்கும் சுவரில் அதன் உருவத்தையே வரைந்து வைத்திருப்பார்கள். குப்பைக்கூடையைச் சுற்றித் தரையில் மஞ்சள் கோடு இருக்கும். வேண்டாத சாமானுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டுவார்கள். ஒரு வாரம் யாரும் கேட்காவிட்டால் அது வெளியே போய்விடும். இதற்குப் பெயர் ஃபைவ் எஸ். மூக்கண்டப்பள்ளிப் பக்கம் பாதிக் கம்பெனிகளின் சுவரில் இந்தப் பலகையைப் பார்க்கலாம். ஸ்பானரோடு நிறுத்தியிருந்தால் எனக்கு அதன்மேல் ஒரு கோபமும் வந்திருக்காது.

சோதனைப் பிரிவில் பழைய விண்டோஸ் கணினி ஒன்று இருந்தது. பம்புகளின் அழுத்தத்தை அளக்கும் பெஞ்சை அதுதான் ஓட்டியது. அதிலிருந்த மென்பொருள் ஒரு பிடிவாதக்காரக் கிழம். ஒவ்வொரு கோப்பும் எந்த டிரைவில், எந்த ஃபோல்டருக்குள் இருக்கிறது என்று முழுப் பாதையையும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஃபோல்டர் பெயர் எட்டு எழுத்தைத் தாண்டக் கூடாது, நடுவில் இடைவெளி கூடாது. கணினிகளைப் பார்த்துக்கொள்பவன் நான் என்பதால் அதன் மனம் கோணாமல் நடந்துகொண்டேன்.

பெஞ்சில் வேலை செய்தவர் நாகரசம்பட்டியிலிருந்து கம்பெனி பஸ்சில் வரும் ஓர் அக்கா. ஒப்பந்தத் தொழிலாளி. பெஞ்ச் ஓடும் வரைதான் அவருக்கு வேலை. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒவ்வொரு பிரிவுக்கும் மதிப்பெண் போட்டுப் பரிசு தரும் தணிக்கை நெருங்கியபோது, புதிதாக வந்திருந்த மேலாளர் கணினிக்குள்ளும் ஃபைவ் எஸ் வேண்டும் என்றார்.

"சார், அதுல மட்டும் கை வெக்காதீங்க. ஃபைலோட பாத் மாறுனா பெஞ்சு நின்னு போவும்" என்றேன்.

"மாறுனா மாத்திக் குடுங்க. அதுக்குத்தானே உங்கள வெச்சிருக்கு?"

காவேரிப்பட்டினத்தில் ஒரு கல்யாணத்துக்காக நான் விடுப்பில் போன அன்று காரியத்தை முடித்துவிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் திரை பளிச்சென்று இருந்தது. ஃபோல்டர்களெல்லாம் துறைவாரியாக, நீள நீளமான பெயர்களோடு அடுக்கப்பட்டிருந்தன. பெஞ்ச் நின்றுபோயிருந்தது. அக்கா அதன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"ஆவுமா தம்பி?"

"ஆவும்க்கா. பாதைய திரும்ப எழுதணும், அவ்ளோதான்."

சமாதானத்துக்குச் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினேன். பழைய பெயர்களில் ஃபோல்டர்களை மறுபடி உண்டாக்கி, சிதறிக் கிடந்த கோப்புகளைத் தேடிப் பிடித்து அவற்றில் போட்டேன். ஒரு பாதையைச் சரிசெய்தால் மென்பொருள் அடுத்ததைக் காணோம் என்று சொல்லும். அதையும் சரிசெய்வேன். ஒவ்வொரு பிழைச் செய்தி மறையும்போதும் அக்கா ஸ்டூலை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கடைசியாகக் காலிப்ரேஷன் கோப்பு. எந்த அழுத்தம் எந்த எண் என்று பெஞ்சுக்குச் சொல்வது அதுதான். பாதையைச் சரியாக எழுதியும் கோப்பு இல்லை என்றே வந்தது. கணினி முழுக்கத் தேடினேன். வருடக்கணக்காக அந்தக் கோப்பில் யாரும் எதுவும் மாற்றாததால் தேதி பழையதாக இருந்திருக்கிறது. வேண்டாதது என்று அழித்துவிட்டார்கள். சாமானுக்குத் தரும் அந்த ஒரு வாரத்தைக்கூட அதற்குத் தரவில்லை. நான் நகல் எடுத்து இன்னொரு டிரைவில் வைத்திருந்ததும் போயிருந்தது. ஒரே மாதிரி இரண்டு எதற்கு என்று கேட்டார்களாம்.

பெஞ்ச் செய்த கம்பெனியைக் கூப்பிட்டேன். போனை எடுத்தவர், கம்பெனியை மூடி வெகுநாள் ஆகிறது என்று கன்னடத்தில் சொன்னார். ஹார்ட் டிஸ்கைப் பெங்களூருக்கு எடுத்துப் போனேன். மீட்டுக் கொடுத்ததில் கோப்பின் பெயர் மட்டும் ஒழுங்காக இருந்தது, உள்ளே வெறும் குப்பை. இதற்குள் பம்ப் சோதனையை வேறு ஊர் ஆலைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே புது பெஞ்ச் இருக்கிறதாம்.

"ஆவாதுக்கா" என்று சொன்னேன்.

"செரி தம்பி. நீ இன்னா பண்ணுவ" என்றார். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

தணிக்கையில் எங்கள் பிரிவுக்கு முதல் பரிசு கிடைத்தது. கேடயத்தோடு எல்லோரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று அன்று காலையில்தான் அக்காவிடம் சொல்லியிருந்தார்கள். அது படம் எடுத்தவருக்குத் தெரியாது.

"அம்மா, கொஞ்சம் சிரிங்க" என்றார்.

அக்கா சிரித்தார்.