சித்தப்பாவின் பத்தியத்துக்கு நான் காவல்

சித்தப்பா மருந்து சாப்பிட்ட காலத்தில் அவருக்கு ஆகாது என்று குற்றாலத்து வைத்தியர் விலக்கியவை: புளி, கத்தரிக்காய், கருவாடு, அருவிக்குளிப்பு, சித்தி. மற்றதையெல்லாம் உரக்கச் சொன்னவர், கடைசியை மட்டும் அப்பாவின் காதோடு சொன்னார். எனக்குப் பாம்புக் காது.

கருவாட்டுக்கும் சித்திக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்கு அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். நானே யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். சித்தி வைக்கும் குழம்பில் புளி தூக்கலாக இருக்கும். ஆளே வீட்டில் இல்லாவிட்டால் புளிக்கு வழியில்லை. வைத்தியர் கெட்டிக்காரர்தான்.

இரண்டாம் உலக யுத்தம் வருவதற்குக் கொஞ்சம் முந்திய காலம் அது. நாங்கள் தென்காசியில் இருந்தோம். சித்தப்பாவுக்குத் தை மாதம்தான் கல்யாணமாகியிருந்தது. அதற்கு முன்பே இடுப்புவலி உண்டு. மூட்டை தூக்கிய பிடிப்பு என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அது முதுகு முழுக்க ஏறிவிட்டது. காலையில் பாயை விட்டு எழும்போது முதுகு பலகையாக இறுகிக் கிடக்கும். நடக்க நடக்கத்தான் கொஞ்சம் இளகும். ராத்திரி வலி தூங்கவிடாது. கழுத்தும் பிடித்துக்கொண்டதால், பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் மாட்டுவண்டி திரும்புவதுபோல் ஆளே மொத்தமாகத் திரும்ப வேண்டும். இங்கிலீஷ் டாக்டர் கொடுத்த மாத்திரை வலியைக் குறைத்ததே தவிர முதுகை இளக்கவில்லை.

புளியறையிலிருந்து சித்தியின் அப்பா வந்து பார்த்தார். முதுகுத்தண்டில் வாதம் இறங்கியிருக்கிறது, இனிமேல் வைத்தியர் மருந்துதான் என்று என் அப்பா சொன்னதைக் கேட்டுக்கொண்டார். மகளை வண்டியில் ஏற்றிவிட்டு, "இந்த மருந்துக்கும் கேக்கலன்னா எம்மவ எங்க வீட்டுலயே இருந்துட்டுப் போட்டும்" என்றார். சித்தி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்க்க வேண்டுமென்று சித்தப்பா தோளோடு திரும்ப முயன்று, பாதியில் வலி தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாரல் விழத் தொடங்கியதும் குற்றாலத்தில் வீடு பிடித்து அப்பா, அம்மா, சித்தப்பா, நான் எல்லோரும் போனோம். தினமும் காலையில் சித்தப்பாவுக்குத் தைலம் தேய்ப்பார்கள். பிறகு நொச்சியும் தழுதாழையும் போட்டுக் கொதித்த நீரில் ஆவி பிடிக்க வேண்டும். அப்புறம் ஒரு கசாயம். அந்த வாசனைக்கே எங்கள் முகம் அஷ்டகோணலாகும். அது முடிந்ததும் கோயில்வரை நடந்துவர வேண்டும். நடைக்குத் துணை நான். பத்தியம் கெட்டால் மருந்து விஷமாகிவிடும், கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொள் என்பது அப்பாவின் உத்தரவு. ஊரே அருவிக்குப் போகும்போது நான் ஒருத்தி சித்தப்பாவுக்குப் போலீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆடி பிறந்ததும் அம்மாவுக்கு மூச்சு வந்தது. புதுப்பெண் எங்கே என்று கேட்பவர்களிடம் ஆடிக்குத் தாய்வீடு போயிருக்கிறாள் என்று தைரியமாகச் சொல்லலாம் அல்லவா.

ஒருநாள் கோயில் வாசலில் நின்றிருந்தோம். எங்களுக்குப் பக்கவாட்டில் அருவிக்குப் போகும் கூட்டத்தில், தன் அண்ணியோடு சித்தி நின்றுகொண்டிருந்தாள். கையில் எண்ணெய்க் கிண்ணம், தோளில் மாற்றுச்சேலை. பத்தியமே உருவெடுத்துப் பக்கத்தில் வந்து நிற்கிறது!

"சித்தப்பா, அங்கன பாக்காதிய!" என்று கத்தினேன்.

பார்க்காதே என்றால் யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்? சித்தப்பா திரும்பிப் பார்த்தார். சித்தியும் பார்த்தாள். அண்ணிக்காரி திடீரென்று மலையை ரசிக்கத் தொடங்கிவிட்டாள். நான் ஒரே ஓட்டமாக வைத்தியர் வீட்டுக்கு ஓடினேன்.

"பத்தியம் கெட்டுப்போச்சு! சித்தி வந்துட்டா. சித்தப்பா திரும்பிப் பாத்துட்டாரு!"

மருந்து இடித்துக்கொண்டிருந்த வைத்தியர் உலக்கையைக் கீழே வைத்தார்.

"ஏட்டி, ஆளு மொத்தமாத் திரும்புனானா, கழுத்து மட்டும் திரும்புச்சா?"

யோசித்துப் பார்த்தேன். கால் அசையவில்லை. தோள் அசையவில்லை.

"கழுத்துதான்" என்றேன்.

"பாக்கதுல பத்தியம் கெடாதுட்டி. நல்லாப் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மேல்துண்டைக்கூட எடுக்காமல் என்னோடு கிளம்பி வந்தார். சித்தியின் வண்டி அதற்குள் புறப்பட்டிருந்தது. வண்டி போன திக்கையே பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பாவை இந்தப் பக்கம் திரும்பு, அந்தப் பக்கம் திரும்பு என்று வைத்தியர் நடுத்தெருவில் ஆட்டிவைத்தார். சித்தப்பா திரும்பினார். அதற்குள் தேடி வந்துவிட்ட அப்பா, கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டார். மறுநாளே சேதி சொல்லப் புளியறைக்கு வண்டி கட்டினார்.

சித்தப்பா முழுக்க நிமிர்ந்துவிட்டார் என்று சொல்லமாட்டேன். லேசான கூன் கடைசிவரை இருந்தது; மழைக்காலத்தில் தைலமும் நடையும் இல்லாமல் முடியாது. ஆனால் வயலுக்குப் போனார், பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சினார். மருந்து நின்ற பிறகு இருக்க வேண்டிய மறுபத்தியமும் முடிந்து, அந்த வருஷம் ஆவணிக் கடைசியில் சித்தியின் அப்பாவே மகளைக் கொண்டுவந்து விட்டுப் போனார்.

எனக்கு விளங்காதது ஒன்றே ஒன்றுதான். புளியறையிலிருந்து விடியுமுன் வண்டி கட்டி வந்த சித்தி, கிண்ணத்து எண்ணெயைத் தொடக்கூடச் செய்யாமல், குளிக்காமலேயே திரும்பிப் போய்விட்டாள். அருவியில் அன்று அப்படித் தண்ணீர் கொட்டுகிறது. இவ்வளவு தூரம் வந்தது வீணாகிவிட்டதே, பாவம் என்று அவளுக்காக நான் ரொம்ப வருத்தப்பட்டேன்.