தவளை முட்டை சர்பத்

பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருடம், மழை விட்டுப் புழுங்கிய ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் சமையலறையில் ஒரு கிண்ணத்தில் நான் ஊறப்போட்ட சப்ஜா விதை இருந்தது. பக்கத்திலேயே ஜாம் பாட்டிலில், கோரிமேட்டுக் குட்டையிலிருந்து அண்ணன் அள்ளி வந்த தவளை முட்டை. இரண்டும் வழுவழுவென்று, நடுவில் கறுப்புப் புள்ளியோடு இருந்தால் ஒன்பது வயதுக்காரி என்னதான் செய்வாள்?

அம்மா இறந்த பிறகு வீட்டில் சர்பத் இலாகா என்னுடையது. ஜும்ஆ முடிந்து அத்தாவோடு வந்த மாமாவுக்கு நன்னாரி சர்பத் கலந்து, ஜாம் பாட்டிலைத் தாராளமாகவே கவிழ்த்தேன். மாமா டம்ளரை வாயருகே கொண்டுபோனபோது அண்ணன் பாய்ந்து வந்தான்.

“மாமா, குடிக்காதீங்க! அது தவளை முட்டை!”

அதற்குப் பிறகு மாமா எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

அண்ணன் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. முட்டையின் மஞ்சள் கருவை வரைந்து கொடுத்தால்தான் பிரான்சில் படிக்க அவன் பெயரை அனுப்புவார்கள். கல்லூரியில் கெஞ்சி வாங்கிவந்த மிக்ரோஸ்கோப்பையோ அன்று மாலையே திருப்பித் தர வேண்டும்.

அவன் திட்டவில்லை. டீ வடிகட்டியில் சர்பத்தை ஊற்றி, ஒரு முட்டையைக் கழுவி, ஊசியால் கிழித்துக் கண்ணாடித் துண்டில் பரப்பினான். குனிந்த தலை நிமிராமல் வரைந்தான். முடித்ததும் என்னை ஸ்டூலில் ஏற்றிவிட்டான். சின்னதும் பெரியதுமாக, அவலைக் கொட்டிவைத்தது போல, தட்டையான நீள்வட்ட வில்லைகள் தெரிந்தன.

“என்னாண்ணே இது?”

“சோறு. தலைப்பிரட்டை தானா தின்னப் பழகுற வரைக்கும் இதான் கரைஞ்சி கரைஞ்சி அதுக்குப் போவும்.”

“அம்மா தவளை ஊட்டாதா?”

“அது முட்டை போட்டதும் போயிடும். முன்னாடியே எல்லாத்தையும் உள்ள வச்சுட்டுத்தான் போவுது.”

“போவாம இருந்தா என்னவாம்?” என்றேன். அண்ணன் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

படம் தேறிவிட்டது. என்னால் கெட்டுப்போகவில்லை என்று நான் குதியாய்க் குதித்தேன்.

கப்பலேறுவதற்கு முந்தின வாரம் அண்ணன் பெரிய மார்க்கெட் பக்கம் போய் எனக்கு மூன்று ஜோடி செருப்பு வாங்கிவந்தான். ஒன்று சரியாக இருந்தது. அடுத்தது குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரல் நீண்டிருந்தது. மூன்றாவது படகு மாதிரி கிடந்தது. “இவ்ளோ படிச்சும் தங்கச்சி கால் அளவு தெரியல பாரு” என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். அண்ணனும் என்னோடு சேர்ந்து சிரித்தான்.