ஃபோர்மில் கட்டம் இல்லாதவை

வயது போனவர்களின் வீட்டு மணியை அடித்து, "சந்தோஷமாய் இருக்கிறீங்களோ?" என்று கேட்பதுதான் என் வேலை. முதுமையில் மனமும் உடம்பும் எப்படிப் போகின்றன என்று பார்க்கும் நீண்டகால ஆய்வு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதே ஆட்கள், அதே கேள்விகள். லண்டன் மழையில் கேள்வித்தாள் சுமந்தவர்களுக்கு என் பாடு விளங்கும்.

கைப்பிடி

வெம்பிளி யோசப் அண்ணை முப்பது வருடம் பேக்கரியில் மா பிசைந்தவர். கைப்பலம் அளக்கும் கருவியை மூன்று தரம் அழுத்தினார். மூன்று தரமும் முள் போனமுறை நின்ற இடத்துக்கு வரவில்லை. முகம் சுருங்கிவிட்டது. கருவியை மேசையில் வைத்துவிட்டு, என் கையைப் பிடித்து இறுக்கினார்.

"மெசின் பழசு, பிள்ளை. இப்ப சொல்லும், நோகுதோ?"

பத்துச் சொற்கள்

மனோர் பார்க்கில் அன்னம்மா அன்ரிக்குப் பத்துச் சொற்களை வாசித்தேன். சற்று நேரம் கழித்து அவர் அவற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டும். போனமுறை எட்டுச் சொன்னவர். இந்தமுறை "கதிரை" என்றார், "மழை" என்றார், பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

திடீரென்று, "அம்மான்ர கண் ஒப்பரேஷன் சரிவந்ததோ?" என்று கேட்டார். என் அம்மாவைப் பற்றி இரண்டு வருடத்துக்கு முன்னர் வாசலில் நின்று நான் சொன்னது. "அதை எப்படி அன்ரி மறக்கேல்லை?" என்றேன்.

"அது உன்ர அம்மா. அந்தப் பத்துச் சொல்லும் எனக்கு ஆர்?"

குசினியில் இருந்தவர்

ஹரோவில் செல்வம் அண்ணையும் அவர் மனைவி ராணி அக்காவும் ஆய்வில் இருந்தார்கள். ஒருவர் பதில் சொல்லும்போது மற்றவர் பக்கத்தில் இருக்கக் கூடாது. போனமுறை அக்காவிடம் நான் கேட்டு முடிக்கும்வரை அண்ணை குசினியில் சமைத்துக்கொண்டுதான் இருந்தார்.

இந்தமுறை அவர் மட்டும் கதவைத் திறந்தார். குடும்ப விபரத்தில் மாற்றம் உண்டா என்று கேட்க வேண்டும், கேட்டேன்.

"ஓம். மாசியில அவ கண்ணை மூடிட்டா."

பதில்களைப் பதியும் கொம்பியூட்டரை மூடினேன். அவர் கேட்டார்: "என்னோட வாழ்ந்தது சந்தோஷமெண்டு அவ சொன்னவவோ?"

பதில் எனக்குத் தெரியும். ஆனால் ஒருவரின் பதிலை இன்னொருவருக்குச் சொல்லமாட்டேன் என்று கையெழுத்து வைத்திருக்கிறேன். "அதைச் சொல்ல ஏலாது, அண்ணை" என்றபோது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. அவர் தலையாட்டினார்.

"சரி. அண்டைக்கு அவ சிரிச்சவவோ? அதையெண்டாலும் சொல்லலாமோ?"

கேள்வித்தாளில் சிரிப்பைப் பற்றி எந்தக் கேள்வியும் இல்லை. "நல்லாச் சிரிச்சவ, அண்ணை" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கும் கேட்டது, பிள்ளை. ரீவிச் சத்தமெண்டு நினைச்சுப்போட்டன்."

நேர்காணலுக்கு இவ்வளவு நேரம், பயணத்துக்கு இவ்வளவு நேரம் என்று எங்களுக்கு எல்லாம் வகுத்துத் தந்திருக்கிறார்கள். வெளியே வந்து, வந்த இரண்டு பஸ்ஸையும் விட்டுவிட்டு நிற்கிற நேரத்தை எதில் எழுதுவதென்றுதான் ஒருவரும் சொல்லித் தரவில்லை.