போர்வைக்கடியில் குழாய்

மேல் வீட்டு அம்மாவுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கன்னம் வீங்கியும் மருத்துவரிடம் போகவில்லை. பெண்ணை யாரிடம் விட்டுப் போவது? பதினோரு வயது. வேளச்சேரியில் கார் இடித்து முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து அந்தப் பெண்ணுக்கு மார்புக்குக் கீழே உணர்வு இல்லை. அப்பாவுக்கு வெளியூரில் வேலை.

மந்தைவெளியில் ஒரே படிக்கட்டில் ஏழு வருடமாக ஏறி இறங்குகிறோம். நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. ஒருநாள் படியில் அந்தக் கன்னத்தைப் பார்த்ததும், "நான் அவ கூட உட்கார்ந்துக்கறேன், நீங்க போய்ட்டு வாங்க" என்று வாய் சொல்லிவிட்டது.

புதன்கிழமை காலை அந்த அம்மா எல்லாவற்றையும் செய்து காட்டினாள். ஒரு மணி நேரம் கழித்துப் பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். கடைசியாகப் போர்வையை விலக்கி, சிறுநீர் போகும் குழாயைக் காட்டினாள். வளர்ந்து வரும் பெண்பிள்ளை. எனக்குக் கூச்சமாகிவிட்டது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டினேன்.

அம்மா ஆட்டோவில் அடையாறு பல் மருத்துவரிடம் போனாள். நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன்.

"இன்னா ஆன்ட்டி, எக்ஸாம் ஹால்ல உட்கார்ந்த மாதிரி கீறீங்க? நான் ஒண்ணும் உடைஞ்சிட மாட்டேன். ஏற்கெனவே உடைஞ்சாச்சு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மணி பார்த்துப் பக்கம் மாற்றினேன். கால்களைப் போர்வையோடு சேர்த்தே தூக்கி வைத்தேன். கொஞ்ச நேரத்தில், "தலை இடிக்குது ஆன்ட்டி" என்றாள். முகம் செக்கச் செவேலென்று இருந்தது. மின்விசிறி ஓடியும் நெற்றியில் வியர்வை கொட்டியது. மயக்கம் வருகிறதென்று நினைத்து, தலையணையை உருவி அவளை மட்டமாகப் படுக்க வைத்தேன்.

"படுக்க வெக்காதீங்க! தூக்கி உட்கார வையுங்க! டியூப் பாருங்க, எங்கயோ மடங்கிக்கினு கீது!"

உட்கார வைத்துப் போர்வையை இழுத்தேன். தொடைக்கு அடியில் குழாய் இரண்டாக மடங்கியிருந்தது. நான் தூக்கி வைத்த கால். கட்டில் ஓரம் தொங்கிய பையில் கொஞ்சம்கூடச் சேரவில்லை. நிமிர்த்தியதும் சிறுநீர் ஓடியது. முகத்தின் சிவப்பு இறங்கும்வரை நான் அவள் தோளை விடவில்லை.

"யூரின் அடைச்சிக்கினா எனக்கு பிரஷர் ஏறும். அது ஏறிக்கினே போனா மூளையில ரத்தம் வந்துடும்னு டாக்டர் சொன்னாரு," என்றாள், பள்ளிக்கூடப் பாடம் ஒப்பிப்பது போல.

அம்மா திரும்பி வந்தபோது வாயில் பஞ்சு. சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. நடந்ததை, குழாயைக் காட்டியபோது நான் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"திட்டும்மா, பாக்கலாம்! வாய்ல பஞ்சு வெச்சிக்கினு எப்டி திட்டுவே?" என்றாள் பெண்.

அம்மா சிரிக்கவில்லை. பிறகு மருத்துவர் கொடுத்த சீட்டை நீட்டினாள். அடுத்த புதனும் வரச் சொல்லி எழுதியிருந்தது.

முடியாது என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அந்தக் கன்னம் அப்படியே வீங்கியிருந்தது.

"இன்னொரு வாட்டி காட்டுங்கம்மா," என்றேன். பெண்ணிடம் திரும்பி, "பாக்கட்டுமா கண்ணு?" என்று கேட்டேன்.

"பாருங்க ஆன்ட்டி. உங்களுக்கு வெக்கமா இருந்தா நான் கண்ண மூடிக்கறேன்."