மாஸ்க் போட்டால்தான் கதை

ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காற்றைத் தடவிப் பார்க்கிறார் சிஸ்டர். பல் தேய்த்ததும் அவர் செய்கிற முதல் வேலை இது. நேற்று மாலைவரை புழுக்கத்தில் வெந்துகொண்டிருந்த வீடு, இன்று விடியும்போது போர்வை தேடுகிறது. கையை உள்ளே இழுத்துக்கொண்டு, "இன்னைக்கு உக்கார நேரமிருக்காது" என்று அறிவித்துவிட்டு, டூட்டி நீளும் என்று டிபன் டப்பாவில் வழக்கத்தைவிடக் கூடுதலாக அடைத்துக்கொள்கிறார். கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "உன்னைக் கேட்டுத்தான் வானிலை அறிக்கையே விடறாங்களாமே!" என்கிறார். சிஸ்டரின் கணிப்பு பாதி நாள் பொய்த்துப்போகும். அப்போது மிஞ்சுகிற டிபனை ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு கை பார்ப்பார்.

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நெபுலைசர் அறை அவருடைய ராஜ்ஜியம். சுவரோரம் வரிசையாக நாற்காலிகள்; ஒவ்வொன்றின் பக்கத்திலும், மருந்தைப் பனிப்புகை மாதிரி ஆக்கி மாஸ்க் வழியாக மூக்குக்கு அனுப்புகிற ஒரு மெஷின். வெயில் சட்டென்று இறங்கிக் குளிர்காற்று வீசினால் போதும், ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் மூச்சுக்குழாய் சுருங்கிக்கொண்டு நெஞ்சுக்குள் விசில் அடிக்க ஆரம்பித்துவிடும். "நமக்கு சீதோஷ்ணம் மாறினா ரெண்டு தும்மல். இதுங்களுக்கு மூச்சே முட்டிக்குது, பாவம்" என்பார். இத்தனை வருஷம் அந்த விசிலையே கேட்டுக் கேட்டு, வீட்டில் குக்கர் கூவினாலும் "யாரது?" என்று திரும்பிப் பார்க்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

குர்ரென்று இரைகிற மெஷினையும் மூக்கை அமுக்குகிற மாஸ்க்கையும் எந்தக் குழந்தைக்குத்தான் பிடிக்கும்? பிய்த்து எறியும், அம்மாவைக் கடிக்கும், அறையே ரணகளமாகும். அதற்குச் சிஸ்டர் கண்டுபிடித்த வைத்தியம் கதை. மாஸ்க் மூக்கில் இருக்கிறவரை கதை ஓடும். கொஞ்சம் விலகினாலும் பாதி வார்த்தையிலேயே நின்றுவிடும். "யானைக்கு லிப்ட்டுல வேலை கெடச்சுது. மொத நாளே அது உள்ள போய் நின்னுச்சா, வேற ஒருத்தரும் ஏற எடமில்ல. மொதலாளி வந்து பாத்தாரு, பாத்துட்டு என்ன சொன்..." அவ்வளவுதான். அடுத்த எழுத்து வேண்டுமானால் மாஸ்க் மூக்குக்குப் போயாக வேண்டும். போய்விடும்.

வளர்ந்த மகன் ஒருநாள், "ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் சொல்றியே, எனக்கு ஒரு கதை சொல்லியிருக்கியாம்மா?" என்று சண்டைக்கு வந்தான். "உனக்குத்தான் மூச்சு நல்லா இருந்துச்சேடா, கதை எதுக்கு?" என்று வாயை அடைத்துவிட்டார். அந்தப் பதிலில் ஒரு வில்லங்கம் இருந்தது என்பது அப்போது அவருக்குத் தெரியவில்லை.

தெரியவைத்தவள், அறையில் எல்லோரும் 'கேள்வி' என்று கூப்பிடுகிற ஏழு வயதுக்காரி. தையல்காரம்மாவின் மகள். முன்பற்கள் விழுந்த வாயால் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருப்பாள். போன தடவை அவள் வந்தபோது, யானையோடு முதலாளியும் எப்படியோ திணித்துக்கொண்டு ஏறிய லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் சிக்கிக்கொண்ட இடத்தில் மருந்து தீர்ந்துபோனது. "மீதி அப்புறம்" என்று சிஸ்டர் அனுப்பிவிட்டார்.

அந்த 'அப்புறம்' தான் வினையாகப் போயிற்று. அடுத்து காற்று மாறிய அன்றே அம்மாவின் இடுப்பில் தொற்றிக்கொண்டு வந்தாள். விலா உள்ளே இழுக்கிறது, உதடு வெளுத்திருக்கிறது, ஆனால் முகம் கொள்ளாத சிரிப்பு. "லிப்ட்டு... தொறந்துச்சா... சிஸ்டர்?" சிஸ்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "தெனம் இழுக்கற இன்ஹேலர் மருந்தை நானே கையில குடுக்கறேன் சிஸ்டர், அப்படியும் ஏன் வருதுன்னே தெரியல" என்று தாய் கண்ணைத் துடைத்தபோது, கேள்வி மாஸ்க்கை விலக்கிக்கொண்டு பெருமையாகச் சொன்னாள்: "நான் அதை ஜன்னலுக்கு வெளிய... அடிச்சுட்டேனே. மருந்து இழுத்தா... வீசிங் வராது. வராட்டி இங்க... கூட்டிட்டு வரமாட்டாங்கல்ல?"

சிஸ்டரின் சிரிப்பு அப்படியே நின்றது. கதையை நிறுத்தினால் மாஸ்க் கழன்றுவிடும். சொன்னாலோ, மூச்சுத் திணறலுக்குக் கூலி கொடுத்த மாதிரி. மூச்சுதான் முதலில் என்று, யானையை அப்படியே தொங்கவிட்டு வேறொரு கதையைச் சொல்லி மருந்தை முழுக்க ஏற்றினார். நெஞ்சு இளகி உதட்டில் சிவப்பு திரும்பியதும், அவளை மடியில் இருத்திக்கொண்டார். "இந்தாடி கேள்வி, இனிமே சட்டம் வேற. யானைக் கதை விசில் அடிக்கற நெஞ்சுக்குக் கெடையாது. காத்து மாறுற அன்னைக்கும் நீ நல்லா இருந்தா, டூட்டி முடிஞ்சு வாசப் படியில உக்காந்து சொல்லுவேன்." குரல் கறாராகத்தான் இருந்தது, கைதான் அவள் தலையைக் கோதிக்கொண்டிருந்தது.

டாக்டர் விடுவாரா? "சிஸ்டர் தனியா கதை கிளினிக் தொறந்துட்டாங்கப்பா!" என்று மாடி மாடியாகச் சொல்லிவிட்டார்.

இன்று காற்று மாறிய நாள். கணிப்பு பலித்துவிட்டது, நாற்காலி காலியில்லை. சிஸ்டர் மாஸ்க் மாட்டுகிறார், கதை சொல்கிறார், கதவு திறக்கும்போதெல்லாம் சொல்கிற கதையை மறந்து நிற்கிறார். மாஸ்க் போட்டபடியே ஒரு வாண்டு, "நான் கழட்டவே இல்லையே, சொல்லுங்க!" என்று அதட்டுகிறது. கேள்வி வரவில்லை. வராததை நினைத்துச் சந்தோஷப்படுவதா, வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்களோ என்று பயப்படுவதா? டிபன் டப்பாவைத் திறக்கவேயில்லை.

டூட்டி முடிந்து வெளியே வந்தால், வாசற்படியில் கம்பளிச் சட்டையும் கழுத்துத் துண்டுமாக ஒரு மூட்டை உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் தையல்காரம்மா, முகமெல்லாம் பல். "ஒரு வேளை மருந்துகூட விடல சிஸ்டர், என்னையே மெரட்டி வாங்கி இழுக்குறா." கேள்வி எழுந்து, திரும்பி நின்று முதுகைக் காட்டுகிறாள்.

சிஸ்டர் படியில் மண்டியிட்டு, அந்தச் சின்ன முதுகில் காதை வைக்கிறார். விசில் இல்லை, மூச்சு சீராகப் போய்வருகிறது. "சொல்லுங்க சிஸ்டர்" என்கிறாள் கேள்வி. சிஸ்டர் காதை எடுக்காமல், கண்ணை மூடிக்கொண்டு, இரு என்பதுபோல ஒரு விரலை மட்டும் உயர்த்துகிறார்.