வாசலில் ஒற்றைச் செருப்பு

போன ஞாயிறு எங்கள் சபையில் ஒரு செருப்பைக் காணவில்லை.

இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்காதீர்கள். எங்கள் சபையில் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். ஒரு தலைமுறைக்கு முன்பு மாரியம்மன் கோயில் வாசலில் கழற்றிப் பழகிய கால்கள்... சாமி மாறியும் பழக்கம் மாறவில்லை. ஆராதனை முடிந்ததும் வாசலில் ஒரு சின்ன பசாரே கூடிவிடும். என்னுடையது எங்கே, உன்னுடையது எங்கே, இது யார் வீட்டுப் பிள்ளை போட்டுக்கொண்டு ஓடியது — செருப்புப் பஞ்சாயத்து எங்களுக்குப் புதிதே இல்லை.

ஆனால் போன ஞாயிறு நடந்தது வேறு.

அன்று சபையின் ஆண்டு விழா. எல்லாம் முடிகிற நேரம். அறிவிப்பு சொல்லும் ஷாரன் மேடையில் நின்று, சாப்பாடு எங்கே, காரை எங்கே நிறுத்தக்கூடாது என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக ஒன்று சொன்னாள்.

"வாசல்ல ஒத்த சிலிப்பர் ஒண்ணு கெடக்கு. ஜோடிய காணோம். யாரோ மாத்திப் போட்டுட்டுப் போயிட்டாங்க போல லா. இருக்கிறத நாங்க எடுத்து வெச்சிருக்கோம், வந்து வாங்கிக்குங்க."

கூட்டம் சிரித்தது. ஷாரனும் சிரித்தாள். நானும் சிரித்திருப்பேன்... அது யாருடைய செருப்பு என்று எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால்.

அது மாணிக்கம் அண்ணனுடையது.

மலாக்காவில், லூபோக் சீனா பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். தோட்டத்து வீட்டைக் காலி செய்த பிறகு, அவரும் மனைவி லெட்சுமி அக்காவும் தாமான் குடியிருப்பில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார்கள். அலோர் காஜாவில் கடைவரிசையின் கீழ்த்தளத்தில் இருக்கும் எங்கள் சபைக்கு வெகுகாலமாக வருகிறவர்கள். அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி. வலது காலில் ஆறாத புண். சபைக்கே தெரியும்.

போன வருடம் வெளிநாட்டிலிருந்து ஓர் ஊழியக்காரர் வந்தார். நம் ஊர் வெயிலில் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வந்தபோதே எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். சுகமளிக்கும் கூட்டம் என்று போஸ்டர். மாணிக்கம் அண்ணனை மேடைக்கு ஏற்றினார்கள். கோட்டுக்காரர் காலைத் தொட்டார், கத்தினார், நட என்றார். அண்ணன் மேடையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் நடந்தார். கீபோர்டு உச்சத்துக்குப் போனது. கூட்டமே எழுந்து கைதட்டியது. கேமரா ஒன்று விடாமல் பிடித்தது.

பிறகு ஒருநாள் அவரிடமே கேட்டேன் — அன்று வலிக்கவில்லையா அண்ணே என்று.

"வலிச்சுச்சு டீச்சர். அத்தன பேரு கைதட்டுறப்ப எப்படி நொண்டுறது?"

ஓய்வுபெற்ற டீச்சர் நான். வாழ்க்கை முழுக்கப் பிள்ளைகள் சொன்ன சாக்குப்போக்கைக் கேட்டவள். ஆனால் இது சாக்கு இல்லை.

மறுவாரம் அவருக்கு ஆஸ்பத்திரியில் தேதி இருந்தது. விடுவார்களா நம் விசுவாச வீரர்கள்? சுகம் வாங்கியவன் டாக்டரிடம் போனால் அது ஆண்டவரை அவமானப்படுத்துவது என்று வீடு தேடி வந்து சொன்னார்கள். இதைச் சொன்னவர்கள் யார் தெரியுமா? லேசாகத் தும்மினால்கூட இன்சூரன்ஸ் கார்டை எடுத்துக்கொண்டு மலாக்கா டவுனுக்கு ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க ஓடுகிறவர்கள். அவர்களுக்கு எம்.ஆர்.ஐ., மாணிக்கம் அண்ணனுக்கு மட்டும் அல்லேலூயா.

அண்ணன் போகவில்லை. விரல் கறுத்த பிறகுதான் லெட்சுமி அக்கா பக்கத்து வீட்டுக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கோட்டுக்காரர் அதற்குள் வேறு நாட்டில் வேறு யாரையோ நடக்கவைத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் நான் பார்க்கப் போன நாள்களில் சபை ஆட்கள் யாரும் கண்ணில் படவில்லை. கை காலெல்லாம் நன்றாக இருப்பவர்கள்தான்... வழி தெரியவில்லை போலிருக்கிறது.

சரி, அதோடு விட்டார்களா?

அந்த வீடியோ ஓடிக்கொண்டே இருக்கிறது! ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனைக்கு முன்னால் பெரிய எல்.இ.டி. திரையில் அதைத்தான் போடுகிறார்கள். மாணிக்கம் அண்ணன் நடக்கிறார், கூட்டம் கைதட்டுகிறது, கீழே கொட்டை எழுத்தில் 'அற்புதம்'. மீடியா பொறுப்பில் இருக்கும் ஜோஸ்வாவிடம் போய், அந்தக் காலை எடுத்தாகிவிட்டது, வீடியோவையும் எடுத்துவிடு தம்பி என்றேன். அவன் கோபப்படவில்லை. பொறுமையாக எனக்கு விளக்கினான்.

"அன்னைக்கி நடந்தது உண்மதானே ஆன்ட்டி? நாம ஒண்ணும் பொய் சொல்லலியே. நம்ம பேஜ்ல அதுக்குத்தான் நல்ல ரீச்."

ரீச்! மனிதருக்குக் கால் இல்லை, வீடியோவுக்கு ரீச் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டுச் சிலர் கிளம்புவீர்கள் — டீச்சருக்கு இந்த எழுப்புதல் சபைகளைக் கண்டாலே ஆகாது, பழைய பரம்பரைச் சபைப் பெருமை என்று. நான் யாழ்ப்பாணத்து வழி வந்த கிறிஸ்தவக் குடும்பம்தான். ஒளிப்பானேன்? ஆனால் அங்கேயும் ஒன்றும் வாழவில்லை. எழுந்திரு என்றால் எழுந்திருப்போம், உட்கார் என்றால் உட்காருவோம். ஜெபத்தைப் புத்தகத்தைப் பார்த்து வாசிப்போம், யார் வீட்டுக் கல்யாணத்தில் என்ன பட்டு என்று பேசிக்கொண்டே வெளியே வருவோம். என் அப்பாவின் கவலையெல்லாம் நாங்கள் உட்காரும் பெஞ்சில் வேறு குடும்பம் உட்கார்ந்துவிடக்கூடாது என்பதுதான். அங்கே ஆண்டவரைத் தூங்கவைத்தோம். இங்கே வந்தால் அவரை மேடையேற்றி ஆடவைக்கிறார்கள். பாவம், அவரைச் சும்மா இருக்கவிட்டு, என்ன சொல்கிறார் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை.

இருந்தும் ஏன் இந்தச் சபைக்குப் போகிறேன்? மாணிக்கம் அண்ணன், லெட்சுமி அக்கா மாதிரி நாலு பேர் அங்கே இருப்பதால்தான்.

ஆண்டு விழாவுக்கு முன் அவர்களைப் பார்க்கப் போயிருந்தேன். லெட்சுமி அக்கா தேநீர் கலக்கிக் கொடுத்தார். அண்ணன் இடது காலை நீட்டிக் காட்டினார். குதிகாலில் ஒரு புண். போன தடவை வலது காலிலும் இப்படித்தான் ஆரம்பித்தது. இந்த முறை ஆஸ்பத்திரித் தேதி ஒன்றையும் தவறவிடவில்லை, கட்டு மாற்றப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் பயம். ராத்திரியெல்லாம் அந்தக் காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறார் என்று அக்கா சொன்னார்.

அண்ணன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஆப்பரேஷனுக்கு அப்புறம் நான் சபைக்கே போகல டீச்சர். இந்த ஞாயித்துக்கெழம வரேன். மேட வேணாம், மைக் வேணாம். உக்காந்த எடத்துலயே எல்லாரும் சேந்து இந்தக் காலுக்கு ஒரு ஜெபம் பண்ணா போதும்."

கேட்டது பெரிய விஷயமா? சபை என்று ஒன்று எதற்கு இருக்கிறது? வீட்டுக்கு வந்ததும் பாஸ்டருக்குப் போன் அடித்தேன். அவர் மோசமான மனிதர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பதமாகத்தான் பேசினார். அன்றைக்கு நிகழ்ச்சி ரொம்ப டைட் என்றார், வெளியூர் விருந்தாளிகள் வருகிறார்கள் என்றார், எல்லாம் லைவில் போகிறது என்றார். கடைசியில் உண்மை வெளியே வந்தது.

"எல்லாரும் அந்த வீடியோவ பாத்திருக்காங்க சிஸ்டர். இப்ப அவர இப்படிக் காட்டுனா... கொஞ்சம் நெகட்டிவ்வா போயிரும்."

அண்ணனிடம் நான் இதைச் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். வாசலில் அக்கா குனிந்து அவருடைய செருப்பைக் கழற்றி மற்றவற்றோடு வைத்தார். வாக்கரை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். முன்னால் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரியவும் வழியில்லை — ஆராதனை என்றால் ஹால் விளக்குகளை அணைத்துவிடுவது எங்கள் புதுப் பழக்கம். மேடையில் மட்டும் நீலமும் ஊதாவுமாக வெளிச்சம். பக்கத்தில் இருப்பவன் அழுகிறானா, இருக்கிறானா, போய்ச்சேர்ந்தானா... ஒன்றும் தெரியாது.

வழக்கம்போல வீடியோவைப் போட்டார்கள்.

திரையில் அண்ணன் நடந்தார். கடைசி வரிசையில் அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் யாரோ தெரிந்தவரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பாட்டு. பாடல் குழுத் தலைவர் துள்ளிக்கொண்டே, இன்றைக்கு யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது, எல்லாரும் எழுந்து குதித்து ஆண்டவரைத் துதியுங்கள் என்றார். மாணிக்கம் அண்ணன் வாக்கரைப் பிடித்து எழப் பார்த்தார். லெட்சுமி அக்கா அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

நான் காத்துக்கொண்டிருந்தேன். பாட்டு போனது, பிரசங்கம் போனது, கேக் வெட்டினார்கள், விருந்தாளிகளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எல்லாவற்றுக்கும் நேரம் இருந்தது. ஜெபிக்க மட்டும் நேரமில்லாத ஆராதனையை நான் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். அதன் பிறகுதான் ஷாரன் மைக்கைப் பிடித்து, ஜோடியில்லாத செருப்பைப் பற்றிச் சொன்னாள்.

சிரிப்பு அடங்கியதும் கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது.

"அது என்னோடதுதாம்மா. ஜோடிய தேட வேணாம்."

யாரோ ஹால் விளக்கைப் போட்டார்கள். எல்லாத் தலையும் திரும்பியது. மடித்து ஊசி குத்திய கால்சட்டையை அப்போதுதான் சபை பார்த்தது. வாராவாரம் திரையில் பார்த்த மனிதர்தான், ஆனால் அடையாளம் கண்டுகொள்ள அவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஷாரன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணன் சத்தம் போடவில்லை. பாஸ்டரைப் பார்த்துச் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"பாஸ்டர், அந்தப் படத்துல நடக்கிறவனுக்கு வாரா வாரம் கைதட்டுறீங்க. உக்காந்திருக்கிற எனக்கு ஒரு ஜெபம் பண்ணக்கூடாதா?"

ஜோஸ்வா ஓடிப்போய் லைவை நிறுத்தினான். அந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே... நெருப்புப் பிடித்திருந்தால்கூட அப்படி ஓடியிருக்க மாட்டான். கீபோர்டுக்காரர் எதையோ மெதுவாக வாசிக்க ஆரம்பித்தார். பாஸ்டர் கையை உயர்த்தி அவசரமாக ஆசீர்வாதம் சொல்லிமுடித்து, எல்லாரும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். பாதிக் கூட்டம் பிரியாணி வரிசைக்கு நகர்ந்தது. மீதிப் பேர் திடீரென்று கைப்பேசியில் முக்கியமான எதையோ தேட ஆரம்பித்தார்கள்.

ஷாரன் மட்டும் கீழே இறங்கி வந்தாள். எடுத்துவைத்திருந்த செருப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடைசி வரிசைவரைக்கும் வந்து, அண்ணன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். முகமெல்லாம் கண்ணீர்.

"மன்னிச்சிருங்க அங்கிள். எதுக்கு ஜெபிக்கணும்னு சொல்லுங்க."

அவர் இடது காலைக் காட்டினார். அவள் கட்டின் மேல் கையை வைத்தாள். மைக்கைக் கொடுத்தால் தடுமாறாமல் பேசுகிற பிள்ளை. ஆண்டவரே, இந்தக் கால் இருக்கட்டும், இவருக்குப் பயமாக இருக்கிறது, எங்களுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை என்று திக்கித் திக்கிச் சொன்னாள். அவ்வளவுதான். லெட்சுமி அக்கா தன் கையை அவள் கைமேல் வைத்தார். சாப்பாட்டு வரிசையிலிருந்து இரண்டு மூன்று பேர் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தார்கள். கீபோர்டு நின்றுபோயிருந்தது. அண்ணன் அழுதார், கால் போன நாளில்கூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

எத்தனையோ வருடமாகச் சபைக்குப் போகிறேன். ஆண்டவர் அங்கே இருக்கிறார் என்று எனக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்தது அப்போதுதான். யாரும் அவரைக் கத்திக் கூப்பிடவில்லை.

பாஸ்டர் வந்தாரா? வந்தார். விருந்தாளிகளை வழியனுப்பிவிட்டு வந்து, அண்ணன் தோளில் தட்டி, சாப்பிட்டீங்களா என்று கேட்டார்.

அந்தக் கால் பிழைக்குமா? தெரியாது. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கட்டு மாற்றப் போனார். ஷாரன் லீவு போட்டுவிட்டுத் தன் காரில் கூட்டிக்கொண்டு போனாள். இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அற்புதம் என்று யாரும் போஸ்டர் அடிக்கவில்லை.

இதை எழுத உட்காரும் முன் சபையின் பேஜைத் திறந்து பார்த்தேன். ஆண்டு விழா லைவ், செருப்பு அறிவிப்புக்கு முன்பே முடிகிறது, ஜோஸ்வா வெட்டிவிட்டான். அந்தப் பழைய வீடியோ மட்டும் மேலேயே இருக்கிறது. வேண்டுமானால் நீங்களும் பாருங்கள்... மாணிக்கம் அண்ணன் அதில் ரொம்ப நன்றாக நடக்கிறார்.